தராசு தந்த தள்ளுபடி

திருவனந்தபுரத்தில் ஸ்ரீ பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்த கோட்டையின் கிழக்கு வாசலை விட்டு வெளிப்பட்டுச் சிறிது தூரம் நடந்தால், மலையாளிகள் சாலைக் கம்போளம் என்றும் தமிழர் வெறுமனே சாலை என்றும் வழங்குகிற கடைத்தெருவுக்குள் நாம் பிரவேசித்து விடுகிறோம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாசரின் பிரயத்தனத்தால் உருவெடுத்து, மலைச்சரக்கையும் கடற்சரக்கையும் ஒருங்கே வாங்கி விற்று வளர்ந்த தெரு இது. எழுத்தாளர் ஆ. மாதவன் இங்கேயே கடை வைத்திருந்து, இத்தெருவின் மனிதர்களையே தம் கதைகளுக்குப் பாத்திரங்களாக்கினார். நான் இந்த அத்தியாயத்தில் எடுத்துக்கொள்ளப் போவதோ அந்தப் பாத்திரங்களை அல்ல. கடைவாசலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கப்பட்டிருக்கும் உருளிகளையும், சருவங்களையும், ஆளுயர அண்டாக்களையும்தான்.

பாத்திரக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பாத்திரம் எத்தனை படி கொள்ளும் என்று கேட்டு நாம் தேர்ந்தெடுத்தாலும், கடைக்கார அண்ணாச்சி அதைத் தூக்கித் தராசில் வைத்து, எடைக்குத்தான் விலை சொல்லுவார். நமக்கு வேண்டுவது உள்ளே இருக்கும் வெற்றிடம்; அவர் விற்பது வெளியே இருக்கும் உலோகம். உலோகம் என்பது பரப்பு. வெற்றிடம் என்பது கன அளவு. ஒரு பாத்திரத்தின் அகலத்தையும் உயரத்தையும் இரண்டு மடங்காக்கினால், தகட்டின் கனம் மாறாதவரையில், அதன் எடை நான்கு மடங்காகும். ஆனால் அது கொள்ளும் அளவோ எட்டு மடங்காகும். நான்கு பங்கு பணம் கொடுத்து எட்டுப் பங்கு கொள்ளளவை வாங்கி வருகிறவன், தான் ஆதாயம் அடைந்ததாகவே எண்ணுவான். அந்த ஆதாயம் மெய்தானா, அதை யாராவது பின்னால் வந்து திரும்பக் கேட்பார்களா என்பதே நமது விசாரணை.

பரப்பு இருமடியாகவும் கன அளவு மும்மடியாகவும் வளரும் என்ற இந்த நியதியைப் பௌதிக சாஸ்திரத்துக்குள் முறையாகக் கொண்டுவந்தவர் கலீலியோ. 1638-இல் வெளியான தமது கடைசிப் பெருநூலில், சிறு பிராணியின் எலும்பை அதே விகிதத்தில் பெரிதாக்கிப் பெரும் பிராணிக்கு வைத்தால் அது தன் பாரத்தைத் தானே தாங்காது என்பதை அவர் நிறுவினார். எலும்புக்குப் பொருந்தியது அண்டாவுக்கும் பொருந்தும். எந்தப் பாத்திரத்தில் வெறும் தண்ணீர் நிற்கிறதோ அதில் இந்த நியதி அதிகமாகத் தலைகாட்டாது. எந்தப் பாத்திரத்தில் ஏதேனும் கொதிக்கிறதோ, வடிகிறதோ, ஆறுகிறதோ, புளிக்கிறதோ, அங்கே அது முழுச் சுபாவத்தோடும் வெளிப்படும். இந்த நான்கும் ஒரே காரியத்தில் அடுத்தடுத்து நிகழ்வதைக் காண வேண்டுமானால் பீர் வடிப்பதைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். பிரிட்டனில் 1963 முதலும், அமெரிக்காவில் 1978-இல் இயற்றிய சட்டத்தின் பயனாகவும், ஒருவர் தம் வீட்டு உபயோகத்துக்குப் பீர் தயாரித்துக்கொள்ளலாம் என்றாயிற்று. அதனால் அந்நாடுகளில் இது தோட்டக்கலையைப் போல ஒரு பொழுதுபோக்காகப் பரவியிருக்கிறது. கேரளத்திலோ கொல்லம் ஆண்டு 1077-இல் பிறந்த அப்காரிச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. உரிமம் இன்றி மது ஆக்குவது குற்றம். ஆகையால் சாலையில் அண்டா வாங்கி வீட்டில் பீர் வடிக்குமாறு நான் யாருக்கும் சொல்லவில்லை. ஆயினும் இதே சாஸ்திரம் மருந்து என்னும் பெயரோடு இந்த நாட்டில் பன்னெடுங்காலமாக நிலவி வருகிறது. அரிஷ்டம் என்று வைத்தியர்கள் சொல்லுவது, மூலிகைகளைக் கஷாயமாக்கி, வெல்லம் கூட்டி, தாதகிப்பூ இட்டுப் புளிக்கவைத்த பானமன்றி வேறில்லை. தசமூலாரிஷ்டத்தில் சாராயச் சத்து பெரும்பாலும் நூற்றுக்கு 5 முதல் 10 வரை இருக்கும். அதை யாரும் வெளியிலிருந்து ஊற்றுவதில்லை, வெல்லத்தைத் தின்ற நுண்ணுயிர்களே அதை உண்டாக்குகின்றன. பீரும் அரிஷ்டமும் ஒரே குலத்தில் பிறந்து இருவேறு ஆசிரமங்களில் வாழ்கிற சகோதரர்கள்.

இருபது லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் பீர் செய்து தேர்ச்சி பெற்ற ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். நண்பர்கள் பெருகுகின்றனர், பானம் போதவில்லை. அகலமும் உயரமும் சமமான உருளை வடிவப் பாத்திரம் அவருடையது. இரண்டும் ஏறக்குறைய 29 சென்டிமீட்டர். அதே வடிவில் இரண்டு மடங்கு அகல உயரமுள்ள அண்டாவை வாங்குகிறார். அது 160 லிட்டர் கொள்ளும். செய்முறைக் காகிதத்தில் உள்ள எண்களையெல்லாம் எட்டால் பெருக்கினால் முடிந்தது என்று அவர் நினைக்கிறார். சரக்குகளின் அளவைப் பொறுத்தவரை அவர் நினைப்பது சரியே. பார்லியை ஊறவைத்து முளைகட்டி உலர்த்திய மால்ட், இருபது லிட்டருக்குச் சுமார் 4 கிலோ என்றால் 160 லிட்டருக்குச் சுமார் 32 கிலோ வேண்டும். சார்ங்கதர சம்ஹிதை அரிஷ்டத்துக்குப் பொதுவிதி கூறும்போதும், ஒரு துரோணம் திரவத்துக்கு ஒரு துலாம் வெல்லம், அதில் பாதி தேன், பத்தில் ஒரு பங்கு சேர்மானச் சரக்கு என்று விகிதமாகவே கூறுகிறது. விகிதங்கள் எந்த அளவுக்கும் பணிந்து நடக்கும். உஷ்ணமும் காலமும் அப்படிப் பணிவதில்லை.

முதலில் கொதிக்கவைக்கும் காரியத்தைப் பார்ப்போம். 25 டிகிரியில் உள்ள 20 லிட்டர் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர, நஷ்டம் எதுவும் இல்லையென்று வைத்துக்கொண்டாலும், 1.75 யூனிட் மின்சாரம் வேண்டும். வீட்டில் கனமான சாதனங்களுக்கென்று வைத்திருக்கும் பெரிய பிளக் தாங்கக்கூடிய 3 கிலோவாட் சூடேற்றி ஒன்று அதை 35 நிமிஷத்தில் முடித்துவிடும். 160 லிட்டருக்கோ 14 யூனிட். அதே சூடேற்றி நாலரை மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும். கேஸ் அடுப்பில் பாதிச் சூடு காற்றில் போகிறது என்று கொண்டால் இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட வாயு இதற்கே செலவாகும். இத்தனை சூடும் பாத்திரத்தின் அடிப்பரப்பு வழியாகத்தான் உள்ளே புகவேண்டும்; அந்தப் பரப்போ நான்கு மடங்குதான் கூடியிருக்கிறது. எட்டு மடங்கு சூட்டை நான்கு மடங்கு வாசல் வழியாக அதே நேரத்தில் தள்ளிவிட முயன்றால் அடியில் சாறு தீய்ந்து போகும். கல்யாணச் சமையற்காரர் பாயசத்தைத் தவலையில் வைக்காமல் வாய் அகன்ற உருளியில் வைப்பதன் ரகசியம் இதுதான். தண்ணீரைச் சேமிக்கக் குறுகிய வாய். வற்றவைக்க அகன்ற வாய். கஷாயத்தை நாலில் ஒரு பங்காக வற்றவைக்கிற வைத்தியரும் இதை அறிவார்: ஒரே வடிவில் பாத்திரத்தை இரட்டித்தால், பரப்புக்குப் பரப்பு அதே அளவு தீ எரித்தாலும், வற்றும் நேரம் இரட்டிக்கும், அத்தனை நேரமும் மூலிகை கூடுதலாகக் கொதித்துக்கொண்டிருக்கும்.

பீரில் கொதிப்புக்கு முன்பே இன்னொரு கட்டம் உண்டு. நொறுக்கிய மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும்போது, தானியத்திலேயே உள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. ஒரு நொதி 62 முதல் 65 டிகிரி வரையில் சுறுசுறுப்பாக வேலை செய்து, பின்னால் பானத்தைப் புளிக்கவைக்கப்போகும் நுண்ணுயிரான ஈஸ்டுக்கு உகந்த சர்க்கரையைத் தருகிறது. மற்றொன்று 70 டிகிரியை ஒட்டி வேலை செய்து பானத்துக்குக் கொழுமையைத் தருகிறது. இந்த இடத்தில் மட்டும் பெரிய பாத்திரம் நமக்கு அனுகூலமாயிருக்கிறது; லிட்டருக்குப் பரப்பு குறைவாதலால் சூடு மெல்லத்தான் போகும், ஒரு மணி நேரம் ஒரே உஷ்ணத்தைக் காப்பது எளிது. ஆனால் ஊறியபின் சாற்றை வடிக்க ஆரம்பித்ததும் அந்த அனுகூலம் மறைந்துவிடுகிறது. தானியப் படுகை இப்போது இரு மடங்கு ஆழம். அதன் ஊடே சாறு முன்போன்ற வேகத்தில் இறங்கினாலும், இறங்கவேண்டிய தூரம் இரட்டித்திருப்பதால் நேரமும் இரட்டிக்கும். மேலேயுள்ள பாரம் அடியிலுள்ள உமியை அழுத்திவிட்டால் ஓட்டம் அடியோடு நின்றும் போகும். அதனால்தான் பெரிய ஆலைகளில் இந்தப் பாத்திரம் மட்டும் உயரமின்றித் தட்டுப்போல் அகன்றிருக்கும்; அதன் அடியில் துளையிட்ட பொய்த்தட்டு ஒன்று தானியத்தைத் தாங்கி நிற்கும்.

கொதித்து முடிந்த 160 லிட்டர் சாறு 160 கிலோவுக்கு மேல் எடை உள்ளது. இருபது லிட்டர் பாத்திரத்தைத் துணியால் பிடித்து இறக்கிவைத்தவர் இதை எவ்வாறு இறக்குவார்? ஒன்று, மூன்று படிகளாக மேடை அமைத்து மேலிருந்து கீழே தானாகப் பாயும்படி செய்ய வேண்டும். அல்லது வெந்நீரைத் தாங்கும் சிறு பம்ப் ஒன்றை நாட வேண்டும். இரண்டில் எதைச் செய்தாலும் பாத்திரத்தின் அடியில் குழாய் வைத்துத் திருகுமூடி பொருத்தியாக வேண்டும். அன்றைக்குப் பாத்திரமாக இருந்தது இன்றைக்கு யந்திரமாகிவிடுகிறது.

இனி வருவது ஆறவைப்பது. விஷயத்தின் மர்மஸ்தானம் இதுவே. ஈஸ்டைக் கொதிக்கும் சாற்றில் இடமுடியாது. சாறு ஆறும்வரை, குறிப்பாக 50 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகு, காற்றில் மிதக்கும் வேண்டாத கிருமிகளுக்கு அது திறந்த சத்திரம். சிறிய பாத்திரத்தில் ஒரு லிட்டர் சாற்றுக்கு வெளிப்பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். பெரியதிலோ 100 மட்டுமே. ஆகவே சும்மா வைத்தால் முன்னதற்கு ஓர் இரவு பிடிக்குமானால் பின்னதற்கு ஓர் இரவும் அடுத்த பகலும் பிடிக்கும். இதற்குச் செம்புக்குழாயைச் சுருளாக வளைத்துச் சாற்றில் முக்கி, அதனூடே குளிர்நீரை ஓடவிடுவதே பரிகாரம். திருவனந்தபுரத்தில் இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஐரோப்பாவில் குழாய்நீர் குளிர்ந்திருக்கும். இங்கே குழாயில் வருவதே 28 டிகிரியை ஒட்டிய நீர். எத்தனை நேரம் ஓடவிட்டாலும் சாறு அந்த நீரைவிடக் குளிராது. உஷ்ணம் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மட்டுமே பாயும். கொதிநிலையிலிருந்து 30 டிகிரிக்குக் கொண்டுவரச் சுமார் 500 லிட்டர் நீர் செலவாகும். அதைத் தொட்டியில் பிடித்துவைத்தால் பாத்திரம் கழுவ உதவும். 30-லிருந்து 20-க்கு இறக்கவோ, ஏறக்குறைய 16 கிலோ பனிக்கட்டியை நாடவேண்டும்.

இருபது டிகிரி ஏன் வேண்டும் என்றால், மேல்நுரை கட்டிப் புளிக்கும் ஏல் வகைப் பீருக்கு 18 முதல் 22 டிகிரியும், லாகர் வகைக்கு 10 டிகிரியை ஒட்டியும் ஈஸ்ட் நல்ல மணம் தரும். உஷ்ணம் மிகுந்தால் கடுமையான சாராய நெடி ஏறிவிடும். நார்வே நாட்டுப் பண்ணை வீடுகளில் வழிவழியாகக் காத்துவந்த க்வைக் என்னும் ஈஸ்டோ 30 டிகிரிக்கு மேலும் நற்சுவையோடு புளிக்கும். பனி உறையும் நாட்டில் பிறந்த அதுவே நம் கடற்கரைச் சீதோஷ்ணத்துக்கு ஏற்றதாயிருப்பது வினோதம்.

புளிப்பு தொடங்கியதும் பாத்திரம் தன் சொந்த உஷ்ணத்தை உண்டாக்கத் தொடங்குகிறது. ஒரு கிலோ சர்க்கரை புளிக்கையில் சுமார் 587 கிலோஜூல் சூடு வெளிப்படும். உஷ்ணத்துக்கும் உழைப்புக்கும் உள்ள சம்பந்தத்தை அளந்து, தம் பெயரையே அந்த அளவைக்கு ஈந்த ஜூல், சால்ஃபோர்டில் பீர் ஆலை நடத்திய குடும்பத்தில் 1818-இல் பிறந்தவர் என்பது இங்கே பொருத்தமாக நினைவுக்கு வருகிறது. நமது 160 லிட்டரில் புளிக்கக்கூடிய சர்க்கரை 13 கிலோவை ஒட்டியிருக்கும். அது வெளியிடும் சூடு முழுவதும் உள்ளேயே தங்குமானால் பானம் 11 அல்லது 12 டிகிரி ஏறும். இந்த ஏற்றம் சிறிய பாத்திரத்துக்கும் அதுவேதான். வேறுபாடு, சிறியது தன் சூட்டை உடனுக்குடன் வெளியேற்றிவிடுகிறது என்பதே. அசையாத காற்றில் சிறியது அறையைவிட ஒரு டிகிரி கூடுதலாக நிற்குமானால், பெரியது இரண்டு டிகிரி, அதற்கும் இரட்டித்தது நான்கு டிகிரி கூடுதலாக நிற்கும். நெய் தடவிய மண்பானையில் அரிஷ்டத்தை ஊற்றி, வாயை மூடிச் சீலைமண் செய்து, நெற்குவியலிலோ மண்ணிலோ புதைத்துவைத்த பழைய வைத்தியர், பகலும் இரவும் மாறாத உஷ்ணத்தை அதனால் பெற்றார். பானை சிறியதாயிருந்ததால்தான் அந்தப் போர்வை அதைப் புழுக்கிவிடவில்லை. 1902-இல் கோட்டக்கல்லில் ஆரிய வைத்தியசாலையைத் தொடங்கி, மருந்தை நோயாளி வீட்டில் காய்ச்சும் வழக்கத்தை மாற்றி ஆயத்தமாகவே வழங்க முற்பட்ட பி. எஸ். வாரியர் முதலானோர் வழியில் அரிஷ்டம் பெருந்தொட்டிகளுக்கு ஏறியபோது, நெற்குவியலின் வேலையை வேறு ஏற்பாடுகள் ஏற்க வேண்டியதாயிற்று.

சூட்டோடு வாயுவும் பிறக்கிறது. பதின்மூன்று கிலோ சர்க்கரையிலிருந்து ஆறு கிலோவுக்கு மேற்பட்ட கரியமிலவாயு உண்டாகும். அறை உஷ்ணத்தில் அது மூவாயிரம் லிட்டருக்கு மேல் இடம் அடைக்கும். காற்றைவிடக் கனமாதலால் அது தரையோடு தேங்கும். சிறு பாத்திரத்தின் வாயு அறையில் கலந்து தெரியாமல் போகும்; பெரிய பாத்திரத்தை ஜன்னலில்லாத உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்துவதோ உயிருக்கே ஆபத்து. வாயு போக வழியின்றி மூடினால் பாத்திரமே வெடிக்கும்.

வாயு இல்லாமலும் பாத்திரம் உடையும் என்பதற்குச் சரித்திரச் சான்று உண்டு. உயரம் இரட்டித்தால் அடியில் அழுத்தம் இரட்டிக்கும். அகலமும் இரட்டித்தால், அதே கனமுள்ள தகட்டில் இழுவிசை நான்கு மடங்காகும். 1814 அக்டோபர் 17 அன்று லண்டனில் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையை ஒட்டியிருந்த ஹார்ஸ் ஷூ பீர் ஆலையில், 22 அடி உயரமுள்ள மரத்தொட்டி ஒன்றின் இரும்பு வளையம் கழன்று விழுந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தொட்டி வெடித்து, பீர் வெள்ளம் ஆலைச் சுவரைப் பெயர்த்துக்கொண்டு பக்கத்துக் குடியிருப்பில் பாய, எட்டுப் பேர் மாண்டனர். ஒருவர் பெரிய தொட்டி கட்டினால் மற்றவர் அதைவிடப் பெரியது கட்டிப் பெருமை பேசிய காலம் அது. வளர்ந்தது தொட்டி, வளையத்தின் கணக்கு அதனோடு ஒக்க வளரவில்லை.

ஈஸ்டின் கணக்கு மட்டும் நம் வீட்டு அடுப்பங்கரைக்கு நெருங்கியது. ஏல் வகைக்கு நடுத்தரமான சாறு 160 லிட்டர் எனில், லட்சம் கோடிக்கும் மேற்பட்ட உயிரணுக்களை ஒரே நேரத்தில் இறக்கவேண்டும். குறைந்தால் வேறு கிருமிகள் முந்திக்கொள்ளும். ஆகையால் சிறிது சாற்றில் வளர்த்து, அதைச் சற்றுப் பெரிதில் விட்டு, மறுபடி அதனினும் பெரிதில் விட்டுப் பெருக்குவார்கள். பழைய மாவில் ஒரு கரண்டியைப் புதுமாவில் விடுகிறவளும், கள்ளை ஊற்றி ஆப்பமாவைப் பொங்கவைக்கிறவளும் செய்வது அதையே. பீர் கெடுவது கிருமிகளால் என்று 1876-இல் பாஸ்டர் தம் நூலில் விளக்கியபின், 1883-இல் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் ஹான்சன் ஒற்றை உயிரணுவிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்துக் காட்டினார். தூய்மையைக் காப்பதிலும் அளவு குறுக்கிடுகிறது: சிறு பாத்திரத்தைக் கையால் தேய்க்கலாம், பெரிய அண்டாவின் அடியை, அதிலும் குழாய் சேரும் மூலையை, கை எட்டாது. பீர் புளிப்பானது, பித்தளையில் நெடுநாள் நின்றால் களிம்பேறும் என்பதை மோரைப் பித்தளையில் வைக்காத எந்தப் பாட்டியும் சொல்வாள். முற்காலத்தில் அதற்கு ஈயம் பூசினார்கள். இன்று எவர்சில்வர், தன்மேல் தானே உண்டாக்கிக்கொள்ளும் குரோமிய ஏட்டினால், அந்தப் பூச்சின் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது.

இத்தனை தொல்லையும் எதற்கு, எட்டுச் சிறு பாத்திரங்களை வைத்துவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். அதுவும் ஒரு மார்க்கமே. கும்ப மாதத்தில் ஆற்றுக்கால் பகவதிக்குப் பொங்கலிடும் நாளில் இந்த ஊர் அந்த மார்க்கத்தைத்தான் கைக்கொள்கிறது. லட்சக்கணக்கான பெண்கள், கோயிலைச் சுற்றிப் பல மைல் தூரம், தெருவோரமெல்லாம் மூன்று செங்கல் கூட்டித் தத்தம் பானையில் பொங்குகிறார்கள். அத்தனைக்கும் சேர்த்து ஒரு மகா அண்டாவை யாரும் ஏற்றுவதில்லை. ஒவ்வொரு பானைக்கும் அதற்குரிய பரப்பு, அதற்குரிய தீ, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஜோடிக் கண்கள். எண்ணிக்கையால் பெருகும்போது இயற்கை கூடுதல் வரி எதுவும் விதிப்பதில்லை. கைகள் மட்டும் அதே கணக்கில் பெருகவேண்டும். கைகள் குறைவாயுள்ள இடத்தில் ஒற்றைப் பாத்திரம் பெரிதாகிறது. அங்கே வரியைச் செலுத்தித்தான் ஆகவேண்டும்.

அந்த வரி எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தால், நாம் முதலில் நின்ற கடைவாசலுக்கே வந்துசேர்வோம். பெரிய அண்டா, லிட்டருக்கு லிட்டர் சிறியதற்குச் சமமான பரப்பைப் பெறவேண்டுமானால், தன் பரப்பைப்போல் இன்னொரு மடங்கு, அதாவது ஒன்றரைச் சதுர மீட்டருக்கு மேல், அதற்கு வேண்டும். அரை அங்குலச் செம்புக்குழாயில் அது ஏறக்குறைய 41 மீட்டர் நீளம். அசையாத காற்றைவிட ஓடும் நீர் பன்மடங்கு விரைவாகச் சூட்டை வாங்குவதால், பத்துப் பதினைந்து மீட்டரிலேயே காரியம் முடிகிறது. அந்தச் சுருளையும், பம்பையும், பொய்த்தட்டையும், கனத்த அடித்தகட்டையும் ஒரு பக்கமாகக் கூட்டிப் பாருங்கள். நான்கு பங்கு எடைக்குப் பணம் கொடுத்து எட்டுப் பங்கு இடத்தைக் கொண்டுவந்தோமே, அன்று அண்ணாச்சியின் தராசு குறைத்துச் சொன்ன பரப்புத்தான் அது. இப்போது செம்பாகவும் எவர்சில்வராகவும் உருமாறி, இரும்புக்கடையிலும் குழாய்க்கடையிலும் தவணை தவணையாக நம்மிடம் வசூலாகிறது.